சுனைமலைக்குக் கூட்டிப்போன அண்ணன்

காலை ஐந்தே முக்காலுக்கே ஆரப்பாளையம் பேருந்து நிலையம் முழித்துக்கொண்டிருந்தது. அழகுபாண்டி ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம், சூடம், பத்தி எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பூக்கார அம்மாவிடம் இரண்டு முழம் மல்லிகை கேட்டான்.

"மலைக்காப்பா?" என்றாள் அவள், பூவை அளந்துகொண்டே.

"ஆமாக்கா, சுனைமலைக்கு. தங்கச்சியும் மாப்ளயும் சேந்து சாமி கும்பிடப் போறாக."

"நல்லா இருக்கட்டும்" என்று அவள் கூடவே ஒரு விரற்கடை பூவை அதிகம் விட்டு நறுக்கிக் கொடுத்தாள்.

தங்கச்சி நாகஜோதி தூணை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். தோளில் ஒரு பெரிய துணிப்பை. சாமி கும்பிடப் போகிறவளுக்கு அவ்வளவு பெரிய பை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவளுடைய சேலைகள், சட்டைகள், சீப்பு, மருந்துச் சீட்டு எல்லாம் அதற்குள் இருந்தன. மலையில் சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே புருஷன் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுடைய இடது கை மோதிர விரலில் கட்டுப் போட்டிருந்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவள் புருஷன் வெள்ளைத்துரை அந்த விரலைப் பின்பக்கமாக வளைத்து ஒடித்திருந்தான். குழம்பில் உப்பு கூடிப்போனதற்காக இல்லை. கடைக்கு வந்த ஒரு ஆளிடம் சிரித்துப் பேசினாளாம். ஆஸ்பத்திரியில், கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னவன் அழகுபாண்டிதான்.

வெள்ளைத்துரை குடிகாரன் இல்லை. குடித்திருந்தாலாவது குடியின் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். அலங்காநல்லூர் பக்கம் உரக்கடை வைத்திருந்தான். பீடி, சிகரெட் கிடையாது. கோயில் அன்னதானத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்புவான். கடன் கேட்டு வருகிற விவசாயியைக்கூட "உக்காருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவான். "தங்கமான மனுசன்" என்றுதான் ஊரில் பெயர். அந்தப் பெயர் நாகஜோதிக்குப் பெரிய இடைஞ்சலாக இருந்தது. அவள் சொல்வதை யாரும் முழுதாக நம்பவில்லை.

கல்யாணமான முதல் வருஷம் கன்னம் வீங்கி வந்தாள். அம்மா சோலையம்மாள், "புதுசுல அப்படித்தான்டி இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்று மஞ்சள் பற்றுப் போட்டு அனுப்பினாள். மாசமாக இருந்தபோது முதுகில் பெல்ட் தடத்தோடு வந்தாள். தாய்மாமன் நல்லகாமன் போய்ப் பேசி, காப்பி குடித்து, திருப்பி விட்டுவிட்டு வந்தார். இது மூன்றாவது தடவை. இந்தத் தடவை நல்லகாமன் மாமாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "பௌர்ணமியன்னைக்கு ரெண்டு பேரையும் சுனைமலைக்குக் கூட்டிட்டுப் போ. சூடத்த அடிச்சு சத்தியம் பண்ணச் சொல்லு. சாமிக்குப் பயந்தவன், மீற மாட்டான்."

கிளம்புகிற அன்று விடியற்காலையில் அழகுபாண்டியின் மனைவி கனகா மட்டும் அடுப்படியில் நின்றபடி சொன்னாள், "அவ இங்கயே இருக்கட்டும்ங்க. ஒரு ஆளுக்குச் சோறு போடுறது நமக்குப் பாரமா?"

"ஒனக்கு ஒன்னும் தெரியாது. வாழாவெட்டிய வீட்டுல வச்சிருக்கான்டு ஊரு பேசும். நான் கடை நடத்த வேணாமா?"

அவன் நடத்தியது மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை. தங்கை வீட்டில் இருப்பதால் எந்த மிக்ஸி ஓடாமல் போகும் என்று கனகா கேட்கவில்லை. அவன் குரல் உயர்ந்தால் அதற்கு மேல் அவள் பேசுவதில்லை.

நாகஜோதி சம்மதித்ததற்குக் காரணம் சாமியும் இல்லை, மாமாவும் இல்லை. நான்கு வயது மகள் பாண்டிமீனா. விரல் ஒடிந்த அன்று இவள் வெளியே ஓடி வந்தபோது, மாமியார் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். பன்னிரண்டு நாட்களாகப் பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

பேருந்தில் ஏறும்போது அண்ணனின் கையைப் பிடித்தாள். "அண்ணே, என்னயத் திருப்பி அனுப்பாதண்ணே. பிள்ளைய மட்டும் வாங்கிக் குடு. நான் ஏதாச்சும் கம்பெனில வேல பாத்துப் பொழச்சுக்கிறேன்."

"கிறுக்கு மாதிரிப் பேசாத. ஏறு."

கரட்டுப்பட்டி கடைசி நிறுத்தம். டீக்கடை வாசலில் வெள்ளைத்துரை வெள்ளை வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக நின்றிருந்தான். இருவருக்கும் முன்கூட்டியே டீ சொல்லி வைத்திருந்தான்.

"வாங்க மச்சான். பஸ்ஸுல எடம் கெடச்சுச்சா?" என்று கைகொடுத்தான். நாகஜோதியைப் பார்த்து, "வா ஜோதி" என்றான் மெதுவாக. அழகுபாண்டி நீட்டிய மல்லிகையை வாங்கி அவனே அவள் கையில் கொடுத்தான். அவள் அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"பாப்பா எங்க?" என்றாள் நாகஜோதி.

"வீட்டுல இருக்கு. அது மலை ஏறுமா? வந்து பாத்துக்க."

அழகுபாண்டிக்கு மனது லேசாகிவிட்டது. மாமா சொன்னது சரிதான், எல்லாம் கூடி வருகிறது என்று நினைத்தான்.

சுனைமலைக்குப் போவது ஒன்றும் கஷ்டமான நடை இல்லை. முதலில் பெரிய வாய்க்காலின் கரையோடு ஒரு மணி நேரம். பிறகு தென்னந்தோப்பைத் தாண்டிக் கண்மாய்க்கரை. அதற்கப்பால் கரடு. பாறையில் வெட்டிய நானூறு படி ஏறினால் சுனையும், அதன் ஓரத்தில் ஆண்டிக்கோலத்து முருகன் கோயிலும். காலையில் கிளம்பினால் மதியச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். பௌர்ணமிக் கூட்டம் மாலையில்தான் வரும் என்பதால் அப்போது பாதையில் ஆள் குறைவு. வாய்க்காலில் தண்ணீர் கரைதொட்டு ஓடியது. ஒரு பக்கம் நடவு முடிந்த வயல், இன்னொரு பக்கம் நாற்றுக்கட்டுகள் எறிந்து கிடந்த சேறு. கொக்குகள் உட்கார்ந்து எழுந்தன. அழகுபாண்டி முன்னால் நடந்தான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டு வரட்டும் என்று வேண்டுமென்றே பத்தடி தள்ளி நடந்தான்.

பின்னால் வெள்ளைத்துரையின் குரல் கேட்டது. "போனக் குடு."

"எதுக்கு?"

"குடுன்டா குடு."

அவன் அவளுடைய கைப்பேசியை வாங்கிப் பார்த்துக்கொண்டே நடந்தான். கொஞ்ச தூரத்தில் நின்றான். "நூத்தி எம்பத்தி ஒன்னு. இது எந்த நம்பரு?"

பெண்களுக்கான உதவி எண் அது. ஐந்து நாட்களுக்கு முன் ஒரு மதியம், அண்ணன் கடையில் இருந்த நேரம் அழைத்துப் பேசியிருந்தாள். அந்தப் பக்கம் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டு, எங்கே போக வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சொன்னாள். வீட்டில் பெரியவர்கள் மலைக்குப் போக முடிவு செய்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு இவள்தான் வைத்துவிட்டாள்.

"என்னயக் கவருமென்டுல பிடிச்சுக் குடுக்கப் பாக்குறியா?" வெள்ளைத்துரை கத்தவில்லை. கைப்பேசியை வாய்க்காலில் எறிந்தான். அது முழுகிய சத்தம் அடங்குவதற்குள் அவள் கன்னத்தில் அறை விழுந்தது. அழகுபாண்டி திரும்பினான். இரண்டாவது அறை அவன் கண் முன்னால்தான் விழுந்தது. நாகஜோதி நிலை தடுமாறிக் கரையில் உட்கார்ந்தாள். பை சரிந்து ஒரு சேலை மண்ணில் விழுந்தது. வெள்ளைத்துரை குனிந்து, கட்டுப் போட்ட விரலைப் பிடித்து நசுக்கினான். அவள் அலறிய அலறலில் வயலில் இருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பின.

"மாப்ள, மாப்ள..." என்று அழகுபாண்டி ஓடிவந்தான். ஆனால் கையைத் தொடவில்லை. "சாமி கும்பிடப் போற நேரத்துல எதுக்கு மாப்ள? பொறுங்க."

வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஏழெட்டுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ராமக்காள் என்கிற பெண் முழங்கால் சேற்றோடு வரப்பில் ஏறிவந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் நாற்று முடி அப்படியே இருந்தது.

"ஏய்யா, பொம்பளப் பிள்ளைய எதுக்குப் போட்டு அடிக்கிற?"

"இவ எம் பொண்டாட்டி. ஒன் சோலியப் பாரு" என்றான் வெள்ளைத்துரை.

"பொண்டாட்டின்டா? கையில கட்டுப் போட்டிருக்குய்யா அந்தப் பிள்ளைக்கு!"

அப்போது அழகுபாண்டி இடையில் வந்து நின்றான். ராமக்காளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "குடும்ப விசயம்க்கா. நாங்க பாத்துக்கிறோம். நீங்க நடவப் பாருங்க."

"நீ யாருய்யா?"

"அவளோட அண்ணன்."

ராமக்காள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அண்ணனா?" என்று மட்டும் கேட்டாள். அழகுபாண்டி மண்ணில் கிடந்த சேலையைத் தட்டிப் பைக்குள் வைத்து, தங்கையின் முழங்கையைப் பிடித்து எழுப்பினான். மூவரும் மறுபடி நடந்தார்கள். தென்னந்தோப்புக்குள் நுழையும்போது அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். ராமக்காள் இன்னும் வரப்பிலேயே நின்று யாரோ ஒருவரிடம் கைப்பேசியை வாங்கிக்கொண்டிருந்தாள். அது எதற்கு என்று அவன் யோசிக்கவில்லை.

இருநூறாவது படியில் ஒரு கல்மண்டபம். நாகஜோதி தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத்துரை அழகுபாண்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாழைப்பழத்தை உரித்து நீட்டினான்.

"மச்சான், தப்பா நெனைக்காதீக. எனக்கு அவ மேல அம்புட்டுப் பிரியம். அதான் கோவம் வருது."

"சரி மாப்ள. ஆனா, கைய நீட்டாம..."

"நீங்க எங்க அக்காவக் கைநீட்டுனதே இல்லையா?"

கனகாவைத்தான் சொன்னான். அழகுபாண்டி வாயில் வைத்த பழத்தை விழுங்கினான். போன தீபாவளிக்கு முதல் நாள், வாடிக்கையாளர் முன்னால் கணக்கில் தவறு சொன்னாள் என்று கனகாவை அறைந்திருந்தான். அதற்கு முன்னும் இரண்டு தடவை. அதெல்லாம் அன்றன்றே மறந்துபோன விஷயம் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பதில் சொல்லாமல் எழுந்து படியேறினான். வெள்ளைத்துரைக்கு அந்த மௌனமே போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டே பின்னால் வந்தான்.

மேலே காற்று சில்லென்று இருந்தது. சுனையில் தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பூசாரியும், திருமங்கலத்திலிருந்து வந்திருந்த மூன்று பேரும் தவிர வேறு யாரும் இல்லை. பூசாரி தேங்காயை உடைத்து, பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, சூடம் ஏற்றினார். அழகுபாண்டி தொண்டையைச் செருமினான்.

"மாப்ள, சாமி சத்தியமா இனிமே இவளக் கைநீட்ட மாட்டேன்டு சொல்லிச் சூடத்த அணைச்சிருங்க. அம்புட்டுத்தான். எனக்கு அது போதும்."

"பண்ணுறேன் மச்சான். ஆனா மொதல்ல இவ பண்ணட்டும். எங்கிட்டக் கேக்காம வீட்டு வாசப்படியத் தாண்ட மாட்டேன், எந்த நம்பருக்கும் போன் பண்ண மாட்டேன்டு சத்தியம் பண்ணட்டும். அப்புறம் நான்."

அழகுபாண்டி தங்கையைப் பார்த்தான். "சொல்லிரு ஜோதி. ஒரு வார்த்ததானே."

நாகஜோதி சூடத்தைப் பார்த்தாள். கன்னத்தில் விரல் தடங்கள் சிவந்து தடித்திருந்தன. "மாட்டேன்" என்றாள்.

"ஜோதி!"

"நான் என்னண்ணே தப்புப் பண்ணுனேன், சத்தியம் பண்றதுக்கு? எம் பிள்ளையக் குடுக்கச் சொல்லு. நான் அந்த வீட்டுக்குப் போகல."

வெள்ளைத்துரையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பூசாரியின் கையிலிருந்த தாம்பாளத்தைப் பிடுங்கினான். அதன் விளிம்பு நாகஜோதியின் நெற்றியில் இறங்கியது. எரிகிற சூடமும் தேங்காய் மூடியும் தரையில் சிதறின. ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மறைத்தது. அவள் கையை உயர்த்துவதற்குள் இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவன் தாம்பாளத்தை எறிந்துவிட்டு, காலையில் தானே கொடுத்த மல்லிகையோடு சேர்த்துக் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து அவளைப் படியை நோக்கி இழுத்தான். "வாடி வீட்டுக்கு. வா" என்றான், ஏதோ நேரமாகிவிட்டதைப் போல.

"மாப்ள! விடுங்க மாப்ள! மாப்ள!" அழகுபாண்டி அவன் கையைப் பிடித்துத் தொங்கினான். வெள்ளைத்துரை முழங்கையைப் பின்னுக்கு வீசினான். அது அழகுபாண்டியின் வாயில் விழுந்தது. ஒரு பல் ஒடிந்து நாக்கில் உப்புக் கரித்தது.

"ஒதுங்குங்க மச்சான். கூட்டிட்டு வந்து விட்டீகள்ல? ஒங்க வேல முடிஞ்சிருச்சு."

சொல்லிவிட்டு அவளைப் படியில் தள்ளினான்.

பாறைப்படியில் அவள் உருண்டாள். ஒரு படியில் தோள் மோதியது, அடுத்ததில் தலை, அதற்கடுத்ததில் இடுப்பு. பதினோரு படி கீழே ஒரு திருப்பத்தில் போய் விழுந்தாள். வெள்ளைத்துரை நிதானமாக இறங்கிப் போய் அவள் விலாவில் உதைத்தான். மறுபடி உதைத்தான். மூன்றாவது உதைக்கு அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

அந்தச் சத்தமின்மைதான் அழகுபாண்டியை உலுக்கியது. எப்படி இறங்கினான் என்று அவனுக்குத் தெரியாது. வழியில் பெயர்ந்து கிடந்த ஒரு கல்லை எடுத்ததும் தெரியாது. முதல் அடி வெள்ளைத்துரையின் தோளில் விழுந்தது. அவன் சரிந்தான். அழகுபாண்டி அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கல்லைத் தலைக்கு மேல் தூக்கினான். கீழே வெள்ளைத்துரையின் முகம். அதில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. மேலிருந்து பூசாரி "ஐயோ, கோயில்யா!" என்று கத்தினார். அழகுபாண்டிக்கு எதுவும் கேட்கவில்லை. அந்த முகத்தை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் தோன்றியது.

"அண்ணே."

சின்னக் குரல். நாகஜோதி ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தாள். மூச்சு திக்கித் திக்கி வந்தது.

"கல்லக் கீழ போடுண்ணே."

"இவன் உசுரோட இருக்கக் கூடாது ஜோதி!"

"இவரக் கொல்லச் சொல்லி நான் எப்பண்ணே கேட்டேன்?" அவள் வலியில் பல்லைக் கடித்தாள். "என்னயத் திருப்பி அனுப்பாதண்டுதானே கேட்டேன்."

அழகுபாண்டி கைகளைத் தளர்த்தினான். கல் பக்கத்தில் விழுந்து நான்கைந்து படி உருண்டு நின்றது. அவன் வாய்விட்டு அழுதான். திருமங்கலத்துக்காரர்கள் ஓடிவந்து வெள்ளைத்துரையைப் பிடித்து, பூசாரியின் துண்டால் கையைப் பின்னால் கட்டினார்கள்.

கோயில் ஜமுக்காளத்தில் நாகஜோதியைப் படுக்க வைத்து நான்கு பேர் நான்கு முனையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பூசாரி வெள்ளைத்துரையைக் கட்டோடு பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். காலையில் அவ்வளவு சுலபமாக இருந்த படி இப்போது இறங்க இறங்க நீண்டது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் முனகினாள். தலைமாட்டு முனையை அழகுபாண்டி பிடித்திருந்தான். தன் வாயிலிருந்து ஒழுகிய ரத்தத்தைத் துடைக்கக்கூட அவன் கையை எடுக்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. பக்கத்திலேயே, பூசாரி மேலிருந்து போன் பண்ணிக் கூப்பிட்ட ஆம்புலன்ஸ். ராமக்காள் இன்னும் சேறு காயாத கால்களோடு நின்றிருந்தாள். கூலிக்கு வந்த இடத்தில் மேஸ்திரியின் கைப்பேசியை வாங்கிப் போலீசுக்குச் சொன்னவள் அவள்தான். ஜமுக்காளத்தைப் பார்த்ததும் "அடப்பாவிகளா" என்று ஓடிவந்து நாகஜோதியின் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

வெள்ளைத்துரை அதற்குள் தன் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தான். "சார், கால் தவறிப் படியில விழுந்துட்டா. இவுக பதட்டத்துல என்னயக் கட்டிட்டாக. மச்சான்கிட்டயே கேளுங்க சார். அவரு பொய் சொல்ல மாட்டாரு."

சப்-இன்ஸ்பெக்டர் ஒரு பெண். அழகுபாண்டியைப் பார்த்தார். "என்ன நடந்துச்சு?"

வெள்ளைத்துரையும் அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மச்சான்தானே.

"அவரு தள்ளிவிட்டாரு" என்றான் அழகுபாண்டி. பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி சொன்னான். "அவன் தள்ளிவிட்டான். தாம்பாளத்தால அடிச்சான். விழுந்தவள ஏறி மிதிச்சான். நான் கண்ணால பாத்தேன். வெரலயும் அவன்தான் ஒடிச்சான். கதவுல மாட்டலம்மா, நான்தான் பொய் சொன்னேன். அவன் வீட்டுல எங்க பிள்ளை இருக்கு, நாலு வயசு. மொதல்ல அதக் கூட்டிட்டு வாங்க."

பெரிய ஆஸ்பத்திரியில் நெற்றிக்கு ஏழு தையல் போட்டார்கள். தோள் எலும்பு ஒன்றும் விலா எலும்பு இரண்டும் முறிந்திருந்தன. உயிருக்கு ஆபத்து இல்லை என்று சொல்ல மதியம் மூன்று மணி ஆகிவிட்டது. அதற்குள் போலீஸ்காரப் பெண் ஒருவர் பாண்டிமீனாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை அம்மாவின் தலைக்கட்டைப் பார்த்துப் பயந்து முதலில் கிட்டே வரவில்லை. தகவல் கேட்டு ஓடிவந்திருந்த கனகாவின் சேலையைப் பிடித்தபடி நின்றாள். நாகஜோதி கூப்பிட்ட பிறகு மெல்லப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வலிக்காத கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு நல்லகாமன் மாமா வந்தார். கூடவே சோலையம்மாள். மாமா கட்டிலைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு அழகுபாண்டியை வராந்தாவுக்கு வரச் சொன்னார். அவன் போகவில்லை.

"இங்கயே சொல்லுங்க மாமா. அவளும் கேக்கட்டும்."

"ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டியாமே? அவசரப்பட்டுட்ட மாப்ள. வெள்ளைத்துரை வீட்டுல எறங்கி வாராக. கேச வாபஸ் வாங்குனா என்ன கேட்டாலும் செய்யுறேன்டு சொல்றாக. கோவத்துல ஆம்பள ரெண்டு அடி அடிக்கிறது எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே?"

"உள்ளதுதான் மாமா." அழகுபாண்டியின் உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை தடுமாறியது. "எங்க வீட்டுலயும் இருந்துச்சு. இந்தா நிக்கிறாளே, இவள நானும் அடிச்சிருக்கேன். அதுனாலதான் அவன் என் தங்கச்சிய அடிச்சப்ப எனக்கு அது பெருசாத் தெரியல." அவன் கனகாவைப் பார்த்தான். "மன்னிச்சிரு கனகா. இனி ஒருக்காலும் ஒம் மேல கை படாது."

கனகா தலையைக் குனியவில்லை. "பாக்குறேன்" என்றாள். "ஒரு நாளு சொல்லிட்டா ஆச்சா? இனிமே எப்படி இருக்கீகண்டு பாக்குறேன்."

"பாரு" என்றான் அவன்.

சோலையம்மாள் அழ ஆரம்பித்தாள். "எம் பொண்ணு வாழணும்னுதான்டா நான் அனுப்புனேன். கெடணும்ண்டா அனுப்புனேன்? பொம்பளப் பிள்ளைக்குப் புருசன் வீடுதானடா..."

"ஆத்தா, அவ செத்துருப்பா." அழகுபாண்டி சத்தம் போடவில்லை. "இன்னைக்கி இந்நேரம் நம்ம இந்தக் கட்டிலச் சுத்தி நின்டு பேசிருக்க மாட்டோம், பொணத்தச் சுத்தி ஒக்காந்து பேசிருப்போம். அப்பவும் ஊருல என்ன சொல்லிருப்பாக? கால் தவறி விழுந்துட்டாண்டு சொல்லிருப்பாக. நானும் ஆமாண்டு தலையாட்டிருப்பேன்."

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நல்லகாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப கடைசியா என்னதான் சொல்ற? பிள்ளைக்கு அப்பன் வேணாமா? இவளுக்கு ஒரு வாழ்க்க வேணாமா?"

பதில் நாகஜோதியிடமிருந்து வந்தது. "எனக்கு உசுரு வேணும் மாமா. பிள்ளைக்கு நான் வேணும். மத்ததெல்லாம் அப்புறம்."

அழகுபாண்டி போய் அவள் தலைமாட்டில் நின்றான்.

"மாமா, ஊருல இருக்கிற எல்லாருக்கும் சொல்லுங்க. புருசன் கைநீட்டுறது குடும்ப விசயம் இல்ல, குத்தம். அடி வாங்கி வீட்டுக்கு வர்ற பொண்ணுகிட்ட 'பொறுத்துப் போ'ண்டு சொல்லித் திருப்பி அனுப்புற ஒவ்வொருத்தரும் அடுத்து விழுற அடியில பங்காளி. நான் மூணு தடவ அனுப்புனேன். மூணு தடவையும் அவன் கூடச் சேந்து நானும்தான் அவள அடிச்சேன். இனி அவ எங்கயும் போக மாட்டா."